பன்னிரண்டு முடிந்தால் வார்டு மாறும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் பையன் ஆண்கள் வார்டுக்குப் போக வேண்டும், பெண் பெண்கள் வார்டுக்கு. இடப்பக்கக் கட்டிலில் குடியால் ஈரல் கெட்டவர் படுத்திருப்பார், வலப்பக்கம் பக்கவாதம் வந்த தாத்தா, எதிரே பூச்சிமருந்து குடித்து முந்தின இரவு கொண்டுவரப்பட்டவர். நடுவில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒருவன். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ரத்தப் புற்று, தலசீமியா, சிறுநீரகச் செயலிழப்பு, லூபஸ், மருந்துக்கு மசியாத காசநோய் என்று வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படுக்க நேர்பவர்களுக்குத்தான் அந்த ஒரு நாள் வித்தியாசம் உறைக்கிறது.

இந்த 12-க்குப் பின்னால் மருத்துவக் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 18 வயது வரை குழந்தை மருத்துவத்தின் எல்லைக்குள் வர வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நெடுநாள் நிலைப்பாடு. 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் 18 என்றே சொல்கிறது. பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம், 2013-ல் தொடங்கியபோதே 18 வயது வரை என்று வகுக்கப்பட்டது. குழந்தை என்று சொல்லி நோயைக் கண்டுபிடிக்கிறோம், பெரியவர் என்று சொல்லிப் படுக்கவைக்கிறோம்.

தேனி மாவட்டத்தில் இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆண்டிபட்டிப் பக்கம் க.விலக்கில், ஊர்க்காரர்கள் வாயில் 'கானாவிலக்கு ஆஸ்பத்திரி'. கூடலூரிலோ காமயகவுண்டன்பட்டியிலோ இருப்பவருக்கு அதுவே இரண்டு பஸ். அங்கிருந்து 'பெரியாஸ்பத்திரி'க்கு எழுதிக்கொடுத்தால் மதுரை. எலும்பு மஜ்ஜை மாற்று, சிக்கலான புற்று என்றால் வேலூரோ சென்னையோ. சிலர் குமுளி தாண்டிக் கோட்டயத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிறார்கள். அகலப் பாதைப் பணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுக்கு அருகில் நின்றுபோயிருந்த மதுரை ரயில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னும் ரயில் கிடையாது. புற்று, தலசீமியா, டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில்வே தரும் கட்டணச் சலுகை, தேனிவரை பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் பயன்படும்.

துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் பள்ளத்தாக்கின் கூலிக் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். அம்மா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அந்தக் கூலி நின்றுவிடும். அப்பா உட்கார்ந்தாலும் அதே கதை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வருமான வரம்பை 2022-ல் 1.20 லட்சமாக உயர்த்தியதும் நல்ல காரியம். ஆனால் போன கூலியும், துணைக்கு இருப்பவரின் சாப்பாடும், வாரத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்வரும் பஸ் சார்ஜும் அந்தத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. நீண்ட நோய் பல வீடுகளைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான். வீட்டில் தங்கை இருந்தால் அடுப்பும் தம்பியும் அவள் பொறுப்பாகிவிடும். ஒருவர் படுத்தால் பள்ளியிலிருந்து இரண்டு பேர் நிற்கிறார்கள்.

மருத்துவமனைத் தனிமை பற்றிய மேல்நாட்டு ஆய்வுகளை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் 1950-கள் வரை குழந்தையை வார்டில் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வெளியேற வேண்டியிருந்தது. வாரத்தில் சில மணி நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனையில் கழித்த நாட்களைப் படமாக எடுத்துக் காட்டியபோது மருத்துவர்களே சங்கடப்பட்டார்கள். 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை பெற்றோர் எந்நேரமும் வரலாம், தாய் உடன் தங்கலாம், பிள்ளைகளைப் பெரியவர்கள் வார்டில் போடக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மனநோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் அந்த வழியில் போனது. இங்கிலாந்துக்காரர்கள் போராடிப் பெற்றது நம்மிடம் வழக்கமாகவே இருந்தது. இங்கே எந்த வார்டிலும் கட்டிலுக்கடியில் பாய் விரித்து ஒருவர் படுத்திருப்பார்.

ஆகவே இந்த ஊர்ப் பதின்வயதுப் பிள்ளை எதனால் தனிமைப்படுகிறது என்பது வேறு கேள்வி. அம்மா இருபத்துநான்கு மணி நேரமும் அங்கேயே இருக்கிறாள். சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வருகிறார்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டிலருகே நிற்கிறார்.

"தம்பி மோஷன் போனானாம்மா?"

"போனான் சார், ரெண்டு தடவ."

"யூரின்?"

"மஞ்சளாப் போகுது சார்."

பதினைந்து வயதுப் பையன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறான். பக்கத்துக் கட்டில் பெரியவர் அக்கறையோடு காதைக் கொடுத்துக் கேட்கிறார். அவன் உடம்பைப் பற்றி வார்டுக்கே தெரியும், அவனைக் கேட்டவர்தான் யாருமில்லை. உறவுக் கூட்டத்துக்கு நடுவே ஏற்படும் இந்தத் தனிமையை நம் ஊரில் தனிமை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "கூடவே ஆள் இருக்கே, அவனுக்கென்ன?" என்பார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். கீமோவால் ரத்தத் தட்டணுக்கள் குறையும்போது மாதவிலக்கில் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம்; அதனால் மாத்திரை கொடுத்து விலக்கையே தள்ளிவைப்பதும் உண்டு. காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கையில் வைத்தால் அவள் எதையெல்லாம் கற்பனை செய்துகொள்வாள் என்று யோசித்துப் பார்க்கலாம். பெண்கள் வார்டில் அப்பா இரவு தங்க முடியாது, ஆண்கள் வார்டில் அம்மா தங்குவதும் சங்கடம். துணை மாறி மாறி வருவதால், நேற்று என்ன நடந்தது என்பது இன்றைய ஆளுக்குத் தெரியாமல் போகிறது. நோய் அறிந்த ஒரே தொடர்ச்சி அந்தப் பிள்ளைதான்.

ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கிவிட்டால் இந்த உறவுக் கூட்டமும் வெளியே நிற்க வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் அணுக்கள் 500-க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமிகூட ஆளைக் கொல்லக்கூடும். மஜ்ஜை மாற்றில் தனி அறை வாசம் மூன்று நான்கு வாரம், பிறகு கிட்டத்தட்ட நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடெடுத்துத் தங்க வேண்டும். சி.எம்.சி.யில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது என்பதால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வேலூர் வாடகை அறைகள் புதிதில்லை. புற்றுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் தரும் செயின்ட் ஜூட் அமைப்பு, 2006-ல் மும்பையில் தொடங்கிச் சென்னைக்கும் வந்திருக்கிறது. கவுண்ட் குறைந்தவருக்குப் பச்சையாகப் பழம் தரக்கூடாது என்ற தடை பல இடங்களில் உண்டு. ஊரிலிருந்து ஆசையாய்க் கட்டிக்கொண்டு வந்த பன்னீர் திராட்சையை வராந்தாவிலேயே திருப்பிக்கொடுக்கிற அம்மாக்கள் உண்டு. (இந்தத் தடையால் எவ்வளவு பயன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.)

அந்தத் தனி அறைக்குள் செல்போன்தான் ஊர். பெரியவர்கள் அதைப் பிடுங்கப் பார்ப்பார்கள்: கண் கெடும், தூக்கம் கெடும், அதில் என்ன இருக்கிறது? அதில் வகுப்பு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, இரவு பத்து மணிக்குச் சேர்ந்து ஆடும் விளையாட்டு இருக்கிறது, "மாப்ள, வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்துருவேல்ல?" என்று கேட்கும் குரல் இருக்கிறது. என் கணக்கில், நீண்ட நாள் படுத்திருக்கும் பிள்ளைக்கு உறவினர் செய்யக்கூடிய உருப்படியான உதவி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் ரீசார்ஜும் நீளமான சார்ஜர் வயரும். நண்பர்களுக்கும் ஒன்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது. முதல் வாரம் எல்லோரும் மெசேஜ் அனுப்புவார்கள், மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். நோயைப் பற்றி விசாரிக்கத் தெரியாததால் பேச்சே நின்றுபோகிறது. விசாரிக்கவே வேண்டாம். கபடியில் யார் ஜெயித்தது, கணக்கு வாத்தியார் யாரை வெளியே நிறுத்தினார் என்று வழக்கமான சங்கதிகளை வழக்கம்போல் சொன்னால் போதும்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாமா என்பதில்தான் நம் குடும்பங்கள் மிகவும் தடுமாறுகின்றன. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார், சொல்லிராதீங்க" என்று அறைக்கு வெளியே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 1970-களில் அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் ரத்தப் புற்று வார்டு ஒன்றில் மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு பழகிப் பார்த்து 1978-ல் புத்தகமாக எழுதினார். யாரும் சொல்லாமலே அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மற்றப் பிள்ளைகளிடமிருந்து, காலியான கட்டில்களிலிருந்து, பெரியவர்களின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். தெரியாததுபோல் நடித்தது பெற்றோரைக் காப்பாற்றுவதற்காக. ஒன்பது வயதுக்கே அப்படி என்றால், மாத்திரை அட்டையின் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்க்கத் தெரிந்த பதினாறு வயதிடம் எதை மறைப்பது? மறைப்பதால் நோய் மறைவதில்லை, அதைப் பற்றிப் பேச அவனுக்கு ஆள் இல்லாமல் போகிறது. குறிப்பாக, சில கடுமையான கீமோ மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளைப் பேற்றைப் பாதிக்கலாம் என்பதும், வயதுக்கு வந்த பையன் என்றால் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வழி உண்டு என்பதும் கூச்சத்தாலேயே சொல்லப்படாமல் போகும் செய்திகள். பத்தாண்டு கழித்துத் தெரிந்துகொள்கிறவனுக்குப் பதில் சொல்ல யாரிடமும் வார்த்தை இருக்காது.

பதின்வயது மருத்துவத்தில் தேறிய எளிய வழக்கம் ஒன்று, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேசுவது. 1951-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் ராஸ்வெல் கல்லகர் பதின்வயதினருக்கென்றே பிரிவு தொடங்கியபோது அவர் சொன்ன அடிப்படையே அதுதான்: நோயாளி அந்தப் பிள்ளை. நம் ஊரில் அம்மாவை வெளியே நிற்கச் சொன்னால், "எங்கிட்ட மறைக்க அவனுக்கு என்ன இருக்கு?" என்று மனம் நோவாள். மருத்துவர் முதல் சந்திப்பிலேயே, எல்லாப் பிள்ளைகளிடமும் இப்படித்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டால் இந்த வருத்தம் பாதியாகும். தூக்கம் போவது, சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒதுக்குவது, "இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும். இப்படிப்பட்ட எண்ணங்கள் இரவில் வந்தால் அழைக்க, 2022 முதல் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

மாத்திரையை ஒதுக்குவது அடம் என்று நினைப்பவர்கள் ஸ்டீராய்டு சாப்பிட்ட பெண்ணின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டார்கள். கன்னம் உப்பி, முகப்பரு வெடித்து, உடம்பு பெருத்து, தன்னைத் தனக்கே அடையாளம் தெரியாத ஆறு மாதம் அது. மாத்திரையை நிறுத்தினால் முகம் திரும்பும், அதனால் நிறுத்துகிறாள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குப் பராமரிப்புச் சிகிச்சை வீட்டிலேயே ஒன்றரை இரண்டு ஆண்டு நடக்கும். தினசரி மாத்திரையில் 95 சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மாதத்தில் இரண்டு வேளை விட்டாலே 95-ஐத் தாண்டிவிட முடியாது. இதைக் காவல் காத்துச் சாதிக்க முடியாது. ரிப்போர்ட் ஃபைலை அவன் கையில் கொடுப்பது, மருந்தின் பெயரையும் அளவையும் அவனே நர்ஸிடம் சொல்லச் செய்வது, அடுத்த ஊசி எந்தக் கையில் என்பதையாவது அவன் முடிவு செய்வது என்று நோயைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பொறுப்புக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வார்டில் தொடங்காமல் வீட்டுக்கு வந்தபின் இதைத் தொடங்கினால் தாமதம்.

பள்ளிப் படிப்பின் கதை, சட்டம் இருந்தும் தகவல் போய்ச்சேராத கதை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் 21 வகைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிப்பிருந்து சான்று வாங்கினால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளும் கேட்கலாம். ரத்தப் புற்றும் சிறுநீரக நோயும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தலைமையாசிரியரின் மனசுதான் சட்டம். மார்ச் தேர்வு போனால் துணைத் தேர்வு இருக்கிறது. அதுவும் முடியாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்தாண்டுக்குள் பாடம் பாடமாக எழுதிப் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் முடிக்கலாம். படுத்தபடியே கல்வித் தொலைக்காட்சி பார்க்கலாம் என்பது சரிதான், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அதை மட்டும் பார்த்துப் படித்தவர் அபூர்வம். வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஆசிரியர் போனில் பேசி, ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து, அதைத் திருத்தியும் அனுப்பினால் பையன் இன்னும் 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு'தான். மதிப்பெண்ணைவிட அந்த அடையாளம் அவனுக்கு முக்கியம்.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு: இவ்வளவு நாள் படுக்கத்தான் வேண்டுமா? இதற்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் சென்னை. காசநோய் என்றால் ஆண்டுக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்று நம்பிய காலத்தில், 1956-ல் சென்னைக் காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும். மறுபாதி தங்கள் நெருக்கடியான வீடுகளில், அதே மாத்திரைகளோடு. 1959-ல் முடிவு வந்தபோது குணமானவர் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை, கூட இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். அந்தத் துணிச்சலை மற்ற நோய்களில் நாம் காட்டவில்லை என்பது என் மனக்குறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சிறுநீரக நோயாளிகளுக்கு வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்யும் பைகளைக் கொண்டுவந்து தருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கிடப்பதற்குப் பதில் பள்ளிக்குப் போக முடிந்தால் அதுவே பாதி வைத்தியம். அதேபோல், மதுரையோ வேலூரோ திட்டம் எழுதித்தர, இடைப்பட்ட ரத்தப் பரிசோதனையும் ரத்தம் ஏற்றுவதும் எளிய கீமோவும் க.விலக்கிலோ கம்பத்திலோ பகல்நேரத்தில் முடிந்தால் எத்தனை இரவுகள் மிச்சமாகும்!

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை, ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்து, 2008-ல் அரசுக் கொள்கையும் ஆனது. சாகிறவர்களுக்கு மட்டுமான வைத்தியம் என்று இதன் பெயரைக் கேட்டாலே நம் பக்கம் ஒதுங்குகிறார்கள். நீண்ட நோயோடு வாழ்கிறவர் யாருக்கும் அது உரியது. ஏலத்துக்காகத் தினம் மலை ஏறுகிறோம், இதற்காகவும் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாம்.

வார்டு விஷயத்தில் பெரிய கட்டடம் யாரும் கேட்கவில்லை. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1990-ல் புற்றுள்ள பதின்வயதினருக்கென்று முதல் பிரிவு வந்தது. அதன் பின்னணியில் இருந்த டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் இன்று பிரிட்டன் முழுக்க இத்தகைய பிரிவுகளை நடத்துகிறது. நமக்கு 13 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு வார்டின் ஒரு மூலையில் நாலைந்து கட்டில், இழுத்து மூட ஒரு திரை, தாழ்ப்பாள் வேலை செய்யும் ஒரு கழிப்பறை, பிளக் பாயின்ட், பெற்றோரில் யார் வேண்டுமானாலும் இரவு தங்கலாம் என்ற ஓர் உத்தரவு போதும். உத்தரவுக்குச் செலவே கிடையாது.

வீடு திரும்பியபின் வரும் சிக்கல் வேறு. வகுப்பறை மாடியில், படியேற மூச்சு வாங்கும். முகக்கவசம் போட்டால் கேலி, தலையில் தொப்பி போட்டால் பிரேயரில் கழற்றச் சொல்வார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர் சில நேரம் பாதி வகுப்பில் எதையாவது வாயில் போட்டே ஆக வேண்டும், சி.பி.எஸ்.இ. 2017-லேயே தேர்வு அறைக்குள் தின்பண்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது, வகுப்பாசிரியருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தொத்திக்கொள்ளுமோ என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அம்மா கேட்டு அனுப்புவார். என்ன நோய், தொற்றுமா தொற்றாதா, என்ன செய்யலாம், என்ன கூடாது, காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதித்தர மருத்துவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இங்கிலீஷில் நாலு பக்கம் வருகிறது.